பட்டம்மாள் விட்டுப்போன இடம்

அடி விழுந்ததும், பெரியநாயகிதான் தாளம் தப்பிக் கையை நீட்டிவிட்டாள் என்று பொற்கொடி நினைத்தாள். ஆடி முதல் வெள்ளி. சாயங்கால வெயில் இன்னும் போக மனசு வராமல் கோயில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலனி மாரியம்மன் கோயில் வாசலில் பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆலங்கொல்லைக் கும்மியில் ஒருமுறை தன் கையைத் தானே தட்டிக்கொள்ள வேண்டும். மறுமுறை இரண்டு பக்கமும் நிற்கிறவர்களின் உள்ளங்கையில் தட்ட வேண்டும். பொற்கொடிக்கு இடது பக்கம் ஆள் இருந்தது. வலது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு வெறும் தரை. அதற்கு அப்பால்தான் பெரியநாயகி. முறைப்படி பொற்கொடி காலி இடத்தைப் பார்த்துக் காற்றில் கையை நீட்டினாள். காற்று திருப்பி அடித்தது.

மென்மையான அடியில்லை. சொரசொரப்பான, தோல் வெடித்த, விரல் நுனிகளில் ரேகையே இல்லாத உள்ளங்கை. அப்படி ஒரு கை இந்தச் சுற்றுவட்டாரத்தில் முந்திரிக் கொட்டை உடைத்தவர்களுக்குத்தான் வாய்க்கும். கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். பொற்கொடியின் அம்மா பட்டம்மாள் கல்யாணமான நாளிலிருந்து போன பங்குனியில் சாகிறவரை கொட்டை உடைத்தவள். பொற்கொடி தாளத்தை விடவில்லை. பாட்டையும் விடவில்லை. அடுத்த சுற்றில் கையை இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினாள். அடி விழுந்தது.

இதை நம்ப முடியாதவர்கள் ஆலங்கொல்லை எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது இப்போது மைன்ஸுக்குள், பழுப்பு நிலக்கரி வெட்டுகிற சுரங்கத்துக்குள் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஊரைக் காலி செய்து, மேல்மண்ணை வாரி, அடியிலிருந்த கரியையும் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுவது ஆகாயம்தானே. ஆலங்கொல்லை இருந்த இடத்தில் இன்றைக்குப் பெரிய ஆகாயம் ஒன்று இருக்கிறது. முன்னே வீட்டு வாசலாக இருந்த உயரத்தில் பருந்து பறக்கிறது. ஊர்க்காரர்களுக்கு முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையோரம் காலனி கட்டிக் கொடுத்தார்கள். அங்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் பஸ் நிறுத்தம் போய்ச் சேருவதற்குள் செம்புழுதியில் சாமியாராகிவிடுவார். இருந்தாலும் தரை தரைதான். உயிரோடு இருக்கிறவர்கள் காலூன்றிக்கொண்டார்கள். செத்தவர்கள் பாடுதான் சிரமம். அவர்களுக்கு ஊர் திரும்பினால் நிற்க மண் கிடையாது. கும்மி வட்டத்தில் ஓர் ஆள் அகலத்துக்குத் தரை கிடைத்தால் லேசில் விட்டுக்கொடுப்பார்களா?

அதனால்தான் முறை வைத்திருந்தார்கள். கும்மிக்காரி ஒருத்தி செத்தால் அடுத்து வருகிற ஆடி வரைக்கும் அவள் இடம் காலியாக நிற்கும். ஆடிக் கடைசி வெள்ளியன்று மகளோ மருமகளோ கூடப்பிறந்தவளோ அந்த இடத்தில் ஏற வேண்டும். ஏறும் முன்னால் வட்டம் பாட்டில் கேட்கும்:

வட்டத்துக் குள்ளவ யாரடியோ – அவ
வளையலும் கேக்குது பாரடியோ
பெத்தவ பேரென்ன சொல்லடியோ – பின்ன
பேசாம வந்திங்கே நில்லடியோ

ஏறுகிறவள், மாமியாரானாலும் அக்காவானாலும் பெற்றவளாகவே பாவித்து, செத்தவள் பேரைச் சொல்லி, வந்துவிட்டேன் என்று பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். சொன்னால் இடம் அவளுக்கு. செத்தவள் கிளம்பிவிடுவாள். இப்படித்தான் அந்தக் கும்மி, ஊரே போன பிறகும் ஆள் குறையாமல் நடந்துகொண்டிருந்தது.

பொற்கொடிக்கு இதெல்லாம் தெரியும். நாற்பதைத் தாண்டியவள், மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை. வயசுக்கு வந்த வருஷத்திலிருந்து அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்று கும்மி அடித்தவள். ஆனால் அவளுக்குத் தெரிந்த இன்னொன்று மற்றவர்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடினால், பட்டம்மாள் இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கிக்கொள்வாள். "கிட்ட வராதடி, கையில எண்ணெ கீது." தலை வாரிவிட்டது அத்தை. சோறு ஊட்டியது சித்தி. காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது அப்பா. ஆடி வெள்ளிகளில் மட்டும் பட்டம்மாள் கொட்டை உடைக்கப் போக மாட்டாள். முதல் நாளே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கும்மிக்கு வருவாள். அன்றைக்குத்தான் அந்தக் கை மகள் மேல் படும், அதுவும் அடியாக.

இரண்டாம் வெள்ளியும் அடி விழுந்தது. அந்த வாரம் முழுக்கப் பொற்கொடி ஒரு மாதிரியாகவே இருந்தாள். கேன்டீனில் இட்லிப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவிக்குள் கையை நீட்டி நின்றாள். வீட்டில் அடுப்படிச் சுவரைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். செகண்ட் ஷிப்ட் முடித்து வந்த புருஷன் அறிவழகன், அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது.

"இன்னாடி இது? சோடா மாவுல கைய வுட்டியா?"

"கும்மி அடிச்சது."

"கும்மி அடிச்சா ரெண்டு கையும்தான செவக்கணும்? ஒரு கைக்கு மட்டும் தனியா அடிச்சிங்களா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மைன்ஸில் கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் புகுந்து கரித்தூள் வாருகிற மனிதன். கேள்வியை நீட்டிப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

மூன்றாம் வெள்ளிக்குப் புவனா வந்தாள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறவள், சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம், புருஷன் மைன்ஸில் பெர்மனென்ட் வேலைக்காரன். அவர்கள் பிளாக்கில் கொலு வைக்கும்போது கும்மி ஆட வேண்டுமாம். கற்றுக்கொள்ள ஸ்கூட்டியில் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வந்து, தோதான இடமாகப் பார்த்தாள்.

"அக்கா, இங்க ஆள் இல்லையே. நான் நின்னுக்கவா?"

பதில் வருவதற்கு முன்னே அவள் காலி இடத்தில் ஒரு காலை வைத்துவிட்டாள். பொற்கொடி தள்ளிய தள்ளில் அந்தப் பெண் போய்க் கோயில் படியில் விழுந்தாள். முழங்கையில் சிராய்த்துக்கொண்டது. பாட்டு நின்றது.

"மன்னிச்சிக்கங்க அக்கா, எனக்குத் தெரியாது, சாமி வர்ற எடமா?" என்றாள் புவனா, புழுதியைத் தட்டிக்கொண்டு. தள்ளியவளே மன்னிப்புக் கேட்காதபோது விழுந்தவள் கேட்டது எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. ஒருத்தி தண்ணீர் எடுக்கப் போனாள். பெரியநாயகி மட்டும் பொற்கொடியைக் கோயில் பின்புறம் கூட்டிக்கொண்டு போனாள். கும்மிக்கு முதல் குரல் கொடுக்கிறவள் அவள்தான். டவுன்ஷிப் சாலைகளைப் பெருக்குகிற வேலை. வாயும் அதே துடைப்பம்.

"எத்தினி நாளா வுழுது?"

"இன்னா வுழுது?"

"எங்கிட்டயே கேக்கறியா? அந்தப் பக்கம் ஒனக்கு வுழுந்தா இந்தப் பக்கம் எனக்கு வுழாதா? நடுவுல நின்னுகினு ரெண்டு கைலயும்தான அடிக்கறா. ஒனக்குப் பாசத்துல வுழுது. எனக்குப் பழைய பகையில வுழுது. அவ கொடத்த நான் ஒடச்சது ஞாபகம் வச்சிகினு அடிக்கறா, முண்ட."

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?"

"தெரியாம? எங்க மாமியா அடிச்ச அடியில எனக்குக் கை வீங்கி வெளக்கமாறு புடிக்க முடியல. அந்த வருசம் கடசி வெள்ளி எப்ப வரும்னு காத்துகினு இருந்து ஏறனன். எல்லாருக்கும் வுழும்டி. யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான்."

"நான் ஏறல பெரியம்மா. எடம் அப்பிடியே இருக்கட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

பெரியநாயகி கோயில் சுவரில் சாய்ந்துகொண்டாள். தூரத்தில், மைன்ஸ் விளிம்பில், ஆலங்கொல்லையிலிருந்து வாரிக் கொட்டிய மண் மேடு மலை மாதிரி நின்றது.

"நம்ம செந்தாமர இருந்தாளே. அவ அக்கா செத்தப்ப அவளும் இதத்தான் சொன்னா. இருக்கட்டும், இருக்கட்டும்னு ஏறாமயே இருந்தா. செத்தவளுக்கு அந்த எடம் பழகிப்போச்சி. அடுத்த ஆடியில ஒரு வெள்ளி, கும்மி சுத்தி வர்றோம், இவ இருந்த எடத்துல இவ இல்ல. கத்தல, வுழல. செருப்பு மட்டும் வெளிய கெடக்குது. அவ புருசன் ஸ்டேசனுக்குப் போனான். ஏட்டு இன்னா கேட்டாரு தெரியுமா? கும்மி அடிச்சிகினு இருக்கும்போதே காணாப்போனான்னா, காணாப்போன எடம்னு எத எழுதறதுன்னு கேட்டாரு."

"எங்கம்மா அப்பிடி இழுக்கமாட்டா."

"அவ அக்கா மட்டும் கெட்டவளாடி? கீழ மண்ணு இல்ல. கால் தொங்குது. தொங்கறவ எதையாச்சும் புடிக்கத்தான செய்வா? கடசி வெள்ளி நீ ஏறு. இல்லன்னா அந்த எடத்த மூடிட்டு, கும்மிய இதோட வுட்டுருவோம். இன்னொரு செருப்ப எடுத்துகினு போயி நான் ஒருத்தன் வூட்டுல குடுக்கமாட்டன்."

கடைசி வெள்ளியன்று கூழ் ஊற்றி முடிந்து, ஆண்கள் பாத்திரங்களைக் கழுவக் கொண்டுபோன பிறகு வட்டம் கூடியது. புவனாவும் வந்திருந்தாள், முழங்கையில் பிளாஸ்திரியோடு. வட்டத்துக்கு வெளியே, பொற்கொடிக்கு நேர் பின்னால் நின்றாள். பொற்கொடி மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். ஏறப்போகிறவள் மஞ்சள்தான் கட்ட வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியவில்லை. பெரியநாயகி முதல் குரல் எடுத்தாள். கைகள் சேர்ந்து விழுந்தன.

இந்தத் தடவை வலது பக்கத்திலிருந்து அடி வரவில்லை. நீட்டிய கையை அந்தக் கை பற்றியது. முந்திரித் தோல் மாதிரி வெடித்த விரல்களின் சூட்டைப் பொற்கொடி உணர்ந்தாள். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் கிடைக்காத பிடி. அடுத்த தாளத்துக்குக் கையை எடுக்கவில்லை. இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே சுற்றினாள். ஒரு சுற்று முடிவதற்குள் கை கனத்தது. கனம் பக்கவாட்டில் இழுக்கவில்லை, கீழே இழுத்தது. கிணற்றில் நிறைந்த வாளியைப் பிடித்திருக்கிற மாதிரி தோள்பட்டை இறங்கியது. அவள் வலது கால் இருந்த இடத்தில் புழுதி சத்தமில்லாமல் சரிந்து கணுக்காலை மூடியது.

வட்டத்துக் குள்ளவ யாரடியோ என்று பெண்கள் கேட்டார்கள். பொற்கொடி பதில் சொல்லவில்லை.

மறுபடியும் கேட்டார்கள். போய்விடலாம் என்று பொற்கொடிக்குத் தோன்றியது. பயமாகவே இல்லை. புருஷன் சாப்பிட்டுப் படுத்துவிடுவான். கேன்டீனுக்கு வேறு ஆள் வரும். அம்மா பிடித்திருக்கிறாள், போய்விடலாம். அப்படி நினைத்துக்கொண்டுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

அவள் விரல்கள்தான் மடங்கியிருந்தன. நகம் உள்ளே பதிய, எலும்பு வெளுக்க, அவள்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடிக்குள் இருந்த கை எதையும் பிடித்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொட்டால் தெரிந்தது: ஐந்து விரலும் அகல விரிந்து, ஒன்றின் மேலும் படாமல் விலகி நின்றன.

மூன்றாம் முறை கேட்டார்கள். பெத்தவ பேரென்ன சொல்லடியோ.

பொற்கொடி விரல்களைத் திறந்தாள். "பட்டம்மா பெத்த மக வந்தேன்டியோ" என்று பாடினாள். குரல் பாதியில் உடைந்தாலும் சுருதி போகவில்லை. காலைப் புழுதியிலிருந்து பிடுங்கி, ஓர் அடி வலப்பக்கம் வைத்து, அம்மாவின் இடத்தில் ஏறினாள். அவள் விட்ட இடத்தில் பெரியநாயகியின் கண் ஜாடைக்குப் புவனா வந்து நின்றாள். இரண்டு பக்கமும் உயிருள்ள கைகள் விழுந்தன. புவனாவின் கை தாளத்துக்கு முன்னால் வந்தது. பெரியநாயகியின் கை ரொம்ப லேசாக விழுந்தது, அவளுக்கு அது வழக்கமில்லை.

முதலில் பார்த்தவள் புவனாதான். "அக்கா, அங்க பாருங்க" என்றாள், தட்டுவதை நிறுத்தாமல். வட்டத்துக்கு வெளியே, மண் மேட்டுக்குப் போகிற பாதையில், ஒரு பிடி புழுதி எழும்பி அடங்கியது. அதற்கு ஓர் எட்டு தள்ளி இன்னொரு பிடி. காற்று இல்லை. கோயில் வேப்பிலை ஆடவில்லை. கைகள் விழுகிறபோதெல்லாம் புழுதி எழும்பியது. குனிந்து, நிமிர்ந்து, அரை வட்டம் திரும்பி, ஆலங்கொல்லைக் கும்மி எப்படி அடி வைக்குமோ அப்படியே தள்ளித் தள்ளிப் போயிற்று.

மேட்டின் அடிவாரத்தில் அது இருந்தபோது பாட்டு முடிந்தது. கைகள் நின்றன. புழுதியும் நின்றது. அடங்கிவிடவில்லை, முழங்கால் உயரத்தில் எழும்பியது எழும்பியபடியே, அடுத்த தாளத்துக்காக நின்றது.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது. முதல் குரல் பெரியநாயகியுடையது. அவள் எடுத்தால்தான் பாட்டு. அவள் வாயைத் திறக்காமல் பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

பொற்கொடி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அடியை எடுத்தாள். கைகள் சேர்ந்து விழுந்தன. தூரத்தில், செம்மண் சரிவில், சின்னதாக ஒரு பிடி புழுதி எழும்பி அரை வட்டம் திரும்பியது.