கேரவனின் பின்மூலை

தையல்காரியின் தம்பிக்கு ஊர் வைத்த பேர் டியூப். எது ஒழுகினாலும் ஓட்டை அடைக்கும் சீலன்ட் டியூபை எடுத்து ஒரு பிதுக்கு, விரலால் ஒரு தடவல், மேலே ஒரு கை பெயின்ட். அவன் பார்த்த வேலை மழை வரும்வரை பிரமாதமாக இருக்கும்.

அப்பா அக்கா பேருக்கு எழுதிவைத்த பழைய கேரவன் வண்டியையும் அவன்தான் அப்படிச் 'சரிபண்ணி'க் கொடுத்தான். புருஷன் கைகழுவிவிட்டுப் போனபின் அவளுக்கு வீடும் கடையும் அதுதான். முதல் மழையிலேயே பின்மூலையில் தண்ணீர் இறங்கி மெத்தை நனைந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சுவர், டீயில் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது.

தம்பியிடம் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் இன்னொரு டியூபோடு வந்து நிற்பான். வெயில் வந்ததும் தானே சுவரின் வெளித்தகட்டைக் கழற்றினாள். அவன் அப்பியதையெல்லாம் சுரண்டி, உளுத்த சட்டங்களைப் பிடுங்கி எறிந்து, நல்ல மரத்தில் புதுச் சட்டம் அடித்தாள். ஓரப்பட்டைக்கு அடியில் பிசின் டேப் ஒட்டி ஸ்க்ரூக்களை முறுக்கினாள். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ, மூலையில் மூக்கு மாதிரி ஒரு குழாய் வைத்தாள். பழைய தகட்டையே திரும்பப் போட்டதால், பார்க்கிறவனுக்கு அதே பழைய சுவர்தான்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் டியூப் கடப்பாரையோடு வந்து நின்றான்.

"அக்கா, வெளிய வா. வண்டிக்கு ஆள் பாத்தாச்சு. நாளைக்கு வந்து இழுத்துட்டுப் போயிடுவான்."

"என் வண்டிய விக்க நீ யாருடா?"

"அப்பாவுக்கு ஒரே ஆம்பளப் புள்ள."

"அது அவருக்குப் பிடிச்ச கெரகம்."

கடப்பாரை ஜன்னலில் இறங்கியது. தைத்து வைத்திருந்த துணிகள் மேல் கண்ணாடி சிதறியது. உடைந்த ஓட்டை வழியாக அவன் வலது கை உள்ளே நீண்டு கதவின் தாழ்ப்பாளைத் துழாவியது. அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி விரல்கள் மேல் போட்டாள். பெட்டி சூடாக இல்லாதது அவன் செய்த புண்ணியம். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. வெளியே கடப்பாரை கீழே விழுந்தது.

"அடிப்பாவி! கைய உடைச்சிட்டியே!" அலறல் அடங்கியதும் ஒரு சிரிப்பு வந்தது. "கதவு கெடக்குது. எந்த மூலை உளுத்திருக்குன்னு எனக்குத் தெரியாதா? பூசினவனே நான்தானே! தோளால ஒரு இடி, உன் மடியில வந்து விழுவேன்."

சேற்றில் காலடிகள் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போயின. ஒரு ஸ்க்ரூவை முறுக்காமல் விட்டிருந்தால்? ஒரே ஒரு சட்டம் சொத்தையாக இருந்தால்? இஸ்திரிப் பெட்டியை ஓங்கியபடி மூலைக்கு எதிரே நின்றாள்.

முதல் இடியில் வண்டியே குலுங்கி, தையல் மிஷினிலிருந்து நூல்கண்டு உருண்டது. சுவர் அசையவில்லை. மானம் போன கோபத்தில் அவன் தூரம் போய் ஓடிவந்து இன்னொன்று இடித்தான். மடக்கென்று எதுவோ முறிந்தது. அவள் பதறிப்போய்ச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். காய்ந்து கல்லாக இருந்தது. அப்படியானால் முறிந்தது அவன் எலும்பு.

வெளியே போனாள். குழாய் மூக்குக்கு நேர் கீழே, சேற்றில் புரளவும் முடியாமல் அவன் மல்லாந்து கிடந்தான். கூரைத் தண்ணீர் மொத்தமும் அவன் வாயிலும் மூக்கிலும் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா... வலது தோள்பட்டயும் போச்சு... இழுத்துப் போடுக்கா..."

கடப்பாரையைக் காலால் வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"மொதல்ல வாங்கறவன்கிட்ட பேசு. அப்புறம் இழுக்கறேன்."

"மூச்சு முட்டுதுக்கா!"

"அப்ப சுருக்கா பேசு."

அவள் போனை அவன் காதில் வைத்துப் பிடிக்க, அவன் தண்ணீரைத் துப்பித் துப்பிச் சொன்னான்: "அண்ணே, வண்டி வேணாம்ணே... சுவரெல்லாம் உளுத்துப் போச்சு."

அவள் திருத்தவில்லை. போனை அணைத்து, அவனுடைய நல்ல கையைப் பிடித்து இழுத்தாள்.