பல் டாக்டருக்கு ஒரு ஹெட்போன்

பல் டாக்டர் வாய் தவறிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"ரயில்ல ஒரே இரைச்சலா இருக்குங்க. சத்தத்தை அடக்கற ஹெட்போன்னு விக்கறாங்களே, அதுல ஒண்ணு வாங்கிக்கலாம்னு பாக்கறேன்."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் காரியம் கைமீறிவிட்டது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை டாக்டர் கடைசியாகப் பார்த்தது, வீட்டுக்கு மெத்தை வாங்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு.

கணவருக்குத் தரைக்கல் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கல்லை வெளிச்சத்தில் வைத்து, இரண்டும் ஒன்றில்லை என்று நிரூபிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சம்பளம் இல்லாமல் அதையே வீட்டிலும் செய்தார். குளிர்சாதனப் பெட்டியில் எது உசத்தி என்று அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் ஒரு கோடை போய் மறு கோடை வந்துவிட்டது. மெத்தைக் கடையிலோ ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தவர் ஏழாவதில் அசந்து தூங்கியே போனார். கடையைப் பூட்ட வந்தவர்கள் எழுப்பி அனுப்பினார்கள். அந்த ஏழாவது மெத்தையை வாங்கினாரா என்றால், அதுவும் இல்லை. தூக்கம் வந்ததற்கு மெத்தை காரணமா, களைப்பு காரணமா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

"சரியான ஆள்கிட்டதான் சொல்லியிருக்க. நீ கவலையே படாத, நான் பாத்துக்கறேன்" என்றார்.

டாக்டருக்கு அப்போதே கவலை பிடித்துக்கொண்டது.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பகலெல்லாம் பல் குடையும் கருவியின் கிரீச்சொலி, எச்சில் உறிஞ்சும் குழாயின் கொர்ரொலி. வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு கிளினிக்குக்கு ரயிலில் போக வேண்டும். களைத்து வீடு திரும்பினால் கூடத்தில் நாத்தனார். கணவருக்கு அக்கா. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், அந்த வாரம் இன்னும் முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே போனில் இன்சூரன்ஸ் விற்பது அவர் தொழில். போன் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளருக்குக் கேட்டுவிடும், குரல் அப்படி.

"சார், நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்கும்போது, டாக்டருக்குத் தனக்கே ஏதோ ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. உலகத்தில் யார் யாரெல்லாம் ஹெட்போனை மாட்டிப் பார்த்து வீடியோ போட்டிருக்கிறார்களோ, அத்தனை பேரும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள். கணவரிடம் ஹெட்போன் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டார். அமைதியைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு உரக்கப் பேசுவார்கள் என்று டாக்டர் நினைத்ததே இல்லை.

பல சுற்றுகளுக்குப் பிறகு இரண்டு மிஞ்சின. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வேறு வேறு கம்பெனி. கறுப்பு எந்திரச் சத்தத்தை அடியோடு விழுங்கிவிடும் என்றார் கணவர். பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் சும்மா இருப்பாரா?

"டேய் தம்பி, வெள்ளைதான்டா எடுப்பா இருக்கு. மெத்து மெத்துனு திண்டு வெச்சிருக்கான் பாரு. கறுப்பு என்னவோ ரெண்டு பக்கமும் வடைச்சட்டியைக் கவுத்த மாதிரி இருக்கு."

"அக்கா, நீ சும்மா இரு. இது அழகுப் போட்டி இல்ல."

"காது யாருது? உன்னுதா? அவ வெளில போட்டுட்டுப் போக வேணாமா?"

"ஏதாவது ஒண்ணு வாங்குங்களேன்" என்றார் டாக்டர்.

கணவர் காதில் விழக் கூடாத வார்த்தை விழுந்தவரைப் போலத் திரும்பிப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணா?"

இந்த வயிற்றெரிச்சலை டாக்டர் எங்கே போய்க் கொட்டுவார்? கிளினிக்கில் கொட்டினார். பல் டாக்டருக்கு ஒரு வசதி உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவரால் குறுக்கே பேச முடியாது. அந்த மாதம் பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சைக்காக வந்துகொண்டிருந்தார். அவர் வாயில் பஞ்சும் குழாயும் கண்ணாடியுமாகத் திணித்துவிட்டு, டாக்டர் மனம்விட்டுப் பேசினார்.

"வீட்டுல நிம்மதி இல்லைங்க சார். காலைல கண்ணைத் தொறந்தா ஹெட்போன் பேச்சு, மூடினா ஹெட்போன் பேச்சு. கறுப்புல பேட்டரி நிக்குமாம், வெள்ளைல காது வேர்க்காதாம். நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷி எவ்வளவுதான் கேக்கறது?"

"ஆ… ஆ…" என்றார் வாத்தியார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் டாக்டர்.

கடைசியில் கணவர் இரண்டையுமே வரவழைத்துவிட்டார். பிடிக்காததைக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பி அனுப்பலாமாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பரீட்சை. டாக்டரைக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காதில் கறுப்பை மாட்டிவிட்டார். இடது பக்கம் மிக்ஸி, வலது பக்கம் தூசி உறிஞ்சும் எந்திரம், பின்னால் தலைமுடி உலர்த்தியோடு நாத்தனார். மூன்றும் ஒரே நேரத்தில் அலறின. மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து கதவைத் தட்டிவிட்டு, திறந்த கதவின் வழியே இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

டாக்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. மிக்ஸி சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. தூசி எந்திரம் செத்தே போயிற்று. அந்த நிசப்தத்துக்குள் கணவரின் குரல் மட்டும் கண்ணாடி மாதிரித் துல்லியமாக வந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

"என்ன கேட்டுச்சு?"

"கேக்குதான்னு நீங்க கேட்டது கேட்டுச்சு."

இதுநாள்வரை அவர் பேச்சில் பாதியை மிக்ஸி சாப்பிட்டுவிடும். இப்போது ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்கிறது. ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று டாக்டர் நினைத்தார். கணவரோ கறுப்புக்கு ஒன்பதேகால் மதிப்பெண் போட்டார். வெள்ளைக்கும் ஒன்பதேகால் வந்தது. நாத்தனார் தலைமுடி உலர்த்தியை வெள்ளைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடித்ததாக அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"வீட்டுல பண்றது பரீட்சையே இல்ல. ரயில்ல பாக்கணும்" என்று கணவர் முடிவு செய்தார். "போகும்போது கறுப்பு போடு. வரும்போது வெள்ளை. மாத்திடாத."

அப்படியே டாக்டர் ரயில் ஏறினார். முகக்கவசமும் போட்டிருந்தார், கறுப்பையும் மாட்டிக்கொண்டார். வண்டி புறப்பட்டது. சக்கரச் சத்தம் மெல்ல அடங்கி, பெட்டியே பஞ்சில் பொதிந்தது போலாயிற்று. ஆகா என்று கண்ணை மூடினார். அந்த அமைதியில் பின் இருக்கைப் பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது.

"பல்லு எப்படி சார் இருக்கு?" என்றது ஒரு குரல்.

"பல்லு பரவால்ல. பல் டாக்டரைத்தான் தாங்க முடியல."

கணக்கு வாத்தியாரின் குரல். டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"ஏன், கை சரியில்லையா?"

"கை தங்கமான கை. வலியே தெரியல. வாய்தான்! நம்ம வாயை அடைச்சிட்டு அந்தம்மா வாயைத் தொறந்தா மூடறதே இல்ல. நாம ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. வீட்டுக்காரர் ஹெட்போனைப் பத்திப் பேசியே கொல்றாராம், அதை எங்கிட்ட பேசியே கொல்றாங்க. கறுப்புல என்ன இருக்கு, வெள்ளைல என்ன இருக்குன்னு எனக்கே மனப்பாடம். வாங்கப்போறது என்னவோ அவங்க. ஒரு நாள் நானே ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போய் நாற்காலில படுத்துடலாம்னு பாக்கறேன்."

கூட இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பையும் கறுப்பு கொஞ்சமும் குறைக்காமல் கொண்டுவந்து கொடுத்தது. டாக்டருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவர்கள் போகும்வரை குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வெள்ளையை மாட்டினார். தடித்த திண்டு காதை அப்பிக்கொண்டது. பேச்சுக் குரலெல்லாம் வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. ஆனால் காலையில் கேட்டது உள்ளேயே உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்பப் பேசியது. வாத்தியார் மட்டுமா? போன வாரம் வந்த தையல்காரம்மா ஏன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்? தபால்காரர் ஏன் பாதியிலேயே, "மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போனார்? ஒவ்வொரு முகமாக யோசித்துக்கொண்டே இருந்தவரின் தோளை யாரோ தட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர். பெட்டியில் வேறு ஒருவரும் இல்லை. அறிவிப்பு காதில் விழாமல், இறங்கும் ஊரைத் தாண்டிக் கடைசி நிலையத்துக்கே வந்துவிட்டிருந்தார்.

அடுத்த வண்டி பிடித்து, கால் வீங்க வீடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே கணவர் நின்றிருந்தார்.

"இவ்வளவு நேரமா? சரி, அதை விடு. வெள்ளைக்கு எவ்வளவு மார்க்?"

டாக்டர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த முறை வாத்தியார் வந்தபோது, இனி வேலை நேரத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்ற முடிவோடு இருந்தார். விளக்கைப் போட்டார், ஊசி போட்டார், குடையத் தொடங்கினார். வாத்தியார் ஓரக்கண்ணால் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கையைத் தூக்கினார். டாக்டர் குழாயை எடுத்தார்.

"என்னாச்சு டாக்டர்? மறைக்காம சொல்லுங்க. எலும்பு வரைக்கும் போயிடுச்சா?"

"இல்லையே. நல்லாதான் இருக்கு."

"அப்ப ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?"

டாக்டருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். பையைத் திறந்து வெள்ளை ஹெட்போனை எடுத்து, தன் போனில் மெல்லிய வீணை இசையைப் போட்டு, வாத்தியாரின் காதில் மாட்டிவிட்டார். வாத்தியார் திடுக்கிட்டார். தான் ரயிலில் சொன்னதைக் கேட்டுவிட்டாரோ என்று அந்த முகத்தில் ஒரு கணம் கலவரம் ஓடியது. அடுத்த கணம் வீணை அதைத் துடைத்துவிட்டது. பாதி வேலையில் அவர் குறட்டை விட்டார்.

செய்தி ஊரில் பரவியது. வரவேற்பு மேஜைப் பெண் வந்து சொன்னாள்: "மேடம், வெள்ளை இருக்கான்னு கேட்டுட்டுதான் வர்றாங்க. தபால்காரர் கூட மிச்சத்தை இன்னைக்கே முடிச்சுடலாம்னாரு."

வீட்டில் திருப்பி அனுப்பும் நாள் நெருங்கியது. கணவர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். மூன்றாவதாக ஒரு புது மாடல் வருகிறதாம். இப்போதைக்கு வெள்ளையைத் திருப்பி அனுப்பலாமாம்.

"வெள்ளை இங்க இல்லைங்க. கிளினிக்ல இருக்கு."

"அங்க எதுக்கு? யார் போடறா?"

"பேஷன்ட்டுங்க."

கணவர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று டாக்டர் தயாரானார். ஆனால் அவர் கண் விரிந்தது.

"எத்தனை பேர் போட்டுப் பாத்திருக்காங்க? பெரிய காது, சின்னக் காது எல்லாம் உண்டா? அவங்ககிட்ட கேட்டியா?"

சனிக்கிழமை விடுமுறையன்று அவரும் ரயில் ஏறிக் கிளினிக்குக்கு வந்துவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்து வருபவர்களை வாசலில் மடக்கிப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார். மரத்துப்போன உதட்டை வைத்துக்கொண்டு அவர்கள் "ஒம்… ஒம்…" என்றால், ஒன்பதா ஒன்றா என்று விடாமல் துருவினார். தையல்காரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியே போனாள். இந்த மனிதர் நம் தொழிலை மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்று டாக்டர் பதறினார்.

அவரைக் காப்பாற்றியவர் கணக்கு வாத்தியார். சிகிச்சை முடிந்து, வாய் விடுதலையாகி, கடைசிப் பரிசோதனைக்காக வந்திருந்தார்.

"சராசரி எடுக்கறீங்களே, அதுவே தப்பு சார்" என்று ஆரம்பித்தார். "தூங்கிப்போனவன் மார்க்கையும் முழிச்சிருந்தவன் மார்க்கையும் ஒண்ணா கூட்டலாமா?"

கணவர் மெய்மறந்து அவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் வலிய வந்து எதிர்க்கேள்வி கேட்ட முதல் மனிதர். இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கிளினிக்கைப் பூட்டும்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாருக்கும் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பேச்சு எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது.

அதற்குப் பிறகு விடுமுறை நாளெல்லாம் வாத்தியார் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மூன்றாவது மாடலை இருவரும் சேர்ந்து அலசினார்கள். கூடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டதால் நாத்தனார் படுக்கையறைக்கும், அங்கிருந்து பால்கனிக்கும் நகர்ந்தார். ஒரு நாள் டாக்டரின் அறைக்கே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, இவங்க ரெண்டு பேர் பேசறதுல போன்ல ஒண்ணும் கேக்கல. ஒரு பாலிசி கைநழுவிப் போச்சு. மனுஷங்க வீட்டுல இப்படியா கத்துவாங்க?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "என்ன பண்றது அண்ணி? உங்க தம்பிதானே?"

"பேசாம எங்க பெரியம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். அங்க அவ ஒருத்திதான். போறப்போ அந்தக் கறுப்பைக் குடுத்தனுப்பு. பஸ்ல போட்டுட்டுப் போறேன்."

"வடைச்சட்டி மாதிரி இருக்குன்னீங்களே?"

"இருந்துட்டுப் போகுது. யார் என்னைப் பாக்கப்போறா?"

டாக்டர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கறுப்பை உறையில் போட்டு, சார்ஜரும் சேர்த்துக் கட்டி, நாத்தனார் மனசு மாறுவதற்குள் அவர் பெட்டியிலேயே வைத்துவிட்டார். பஸ் நிலையம்வரை கூடவே போய் ஜன்னலோர இடமும் பிடித்துக் கொடுத்தார். பஸ் திருப்பத்தைத் தாண்டி மறைகிறவரை நின்று கையசைத்தார்.

வீடு திரும்பியபோது கூடத்தில் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"நீ வந்ததே நல்லதாப் போச்சு" என்றார் கணவர். "கறுப்பைக் கொஞ்சம் எடுத்துட்டு வா. சார் ஒரு கணக்கு போட்டிருக்கார், சரிபாக்கணும்."

"அது அண்ணி காதுல ஊருக்குப் போயிடுச்சு" என்றார் டாக்டர்.

டாக்டர் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, புடவையைக்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கிப்போனார்.