சிக்னல் சித்தி

அத்தானைப் பழிவாங்கச் சைக்கிள் வாங்குவது என்று முடிவெடுத்தபோது, சைக்கிளைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து விழலாம்.

விழுந்தும் காட்டியிருக்கிறாள். அவளுடைய அக்காவின் கணவர் ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறவர். உடம்போடு ஒட்டிய சட்டை, கறுப்புக் கண்ணாடி, ஓயாத வாய். "நீயும் வாம்மா, சும்மா நின்னுக்கிட்டே முடி வெட்டினா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று பெரிய மனசு பண்ணித் தன் பழைய சைக்கிளையும், அக்கா ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கிப் போட்ட ஷூவையும் கொடுத்தார். அந்த ஷூவின் அடியில் ஒரு கொக்கி. மிதித்தால் பெடலோடு மாட்டிக்கொள்ளும். "குதிகாலை வெளிய திருப்பு, கழண்டுடும். குழந்தைகூடச் செய்யும்" என்றார்.

முதல் சிவப்பு விளக்கில் அவள் நின்றாள். குதிகாலைத் திருப்பினாள். கழலவில்லை. பல்லைக் கடித்துத் திருப்பினாள். அப்படியே சைக்கிளும் அவளுமாகப் பக்கவாட்டில் சரிந்தார்கள். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. வலது மணிக்கட்டு முறிந்தது.

அத்தான் எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. அக்கா மகள் அவளுக்கு 'சிக்னல் சித்தி' என்று பெயர் வைத்தாள். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவள் வேலை பார்க்கும் பியூட்டி பார்லரில் முதல் நாற்காலி அவளுடையதாக இருந்தது. அவள் கையால் வெட்டினால்தான் ஆயிற்று என்று காத்திருக்கிற ஆட்கள் உண்டு. கட்டுப் பிரித்த பிறகு கத்தரி பிடித்தால் விரல் நடுங்கியது. நாற்காலி வேறொருத்திக்குப் போனது. இப்போது அவள் பின்பக்கத் தொட்டியில் அடுத்தவர் தலையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். தலை கழுவும்போதெல்லாம் அத்தானின் சிரிப்புத்தான் காதில் விழும். வயிறு எரியும்.

பழைய சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரம்மா ஒரு சக்கரத்தை மடியில் வைத்து ஸ்போக் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்கறதுலயே வேகமானது எதுங்க?"

"எதுக்கு?"

"ஒருத்தரை முந்தணும்."

"அதுக்கு முதல்ல நிக்கத் தெரியணும்" என்று கடைக்காரம்மா எழுந்தாள். வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள்களைத் தாண்டி அவளைக் கூட்டிப் போனாள். ஒரு சைக்கிளின் நடுக்கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கச் சொன்னாள். கம்பி உடம்பில் இடித்தது. "இது உங்களுக்கு உயரம்." இன்னொன்று. அதில் பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. அப்புறம் சீட்டில் உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைத்தால் முட்டி நிமிர்கிற அளவுக்குச் சீட்டை ஏற்றினாள். கொஞ்சம் அகலமான டயர், சாதாரணத் தட்டைப் பெடல். பார்க்க ஸ்கூல் பிள்ளை சைக்கிள் மாதிரி இருந்தது.

"அவர் பார்த்தா சிரிப்பாரே" என்றாள்.

"சிரிக்கட்டும். நீங்க விழமாட்டீங்க."

ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒரு மணி, கைப்பம்பு, மாற்று ட்யூப், திருகாணி முடுக்க ஆலன் கீ. "இவ்வளவு போதும். இதுக்கு மேல வாங்கறதெல்லாம் போட்டோவுக்கு."

பிறகுதான் பழைய சைக்கிள் பக்கம் வந்தாள். பெடலைச் சுழற்றினாள், குனிந்தாள், முகம் மாறியது.

"இதை வச்சா பழகினீங்க?"

"பழகல. விழுந்தேன்."

"விழாம என்ன செய்வீங்க? கொக்கியோட பிடிப்புக்கு இங்க ஒரு திருகாணி இருக்கு பாருங்க. புதுசா ஏறுறவங்களுக்கு இதை நல்லாத் தளர்த்தித்தான் விடுவாங்க. இது கடைசி வரைக்கும் முறுக்கியிருக்கு. அந்தப் பக்கமும் அப்படித்தான்." கடைக்காரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "தானா இறுகாதும்மா."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளக்கு சிவப்பாகும் முன்பே அத்தான் எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தார். அவள் விழுவதற்கு முன்பே போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அதன் பிறகு தினமும் பார்லருக்குச் சைக்கிளில்தான் போய் வந்தாள். கால் பழகியது. கோபமும் கூடவே வளர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பால்கனியில் அவருடைய புதுச் சைக்கிள் பளபளவென்று நின்றது. மண்டியிட்டு உட்கார்ந்து, ஆலன் கீயைத் திருகாணியில் பொருத்தியும்விட்டாள். நாலு சுற்று போதும். அந்த நேரம் பார்த்து, அன்றைக்குத் தலைக்குப் பின்னால் கிறீச்சிட்ட பஸ் நினைவுக்கு வந்தது. இந்த ஆளுக்கு ஒன்று ஆனால் அழப்போவது அக்கா. ஆலன் கீயை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். வேறு ஒன்று தோன்றியது.

மறுநாள் காலை கூட்டம் பூங்கா வாசலில் சேர்ந்தது. கிளம்பும் முன் போட்டோ எடுப்பது அவர்கள் வழக்கம்; எடுப்பது அக்கா. அத்தான் மட்டும் காலைத் தரையில் ஊன்றமாட்டார். இரண்டு ஷூவையும் பெடலில் மாட்டிக்கொண்டு, விளக்குக் கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி கம்பீரமாக நிற்பார்.

"அட, சிக்னல் வந்துடுச்சு! எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் தன் சைக்கிளை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காலை ஊன்றினாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "அத்தான், நேத்து நீங்க தூங்கும்போது உங்க பெடல் திருகாணியை முறுக்கிட்டேன். நீங்க எனக்கு முறுக்கின மாதிரியே, கடைசி வரைக்கும்."

சிரித்த வாய் அப்படியே நின்றது. இரண்டாவது கையும் கம்பத்துக்குப் போனது.

"அண்ணே, கையை எடுங்க, போட்டோவுக்கு" என்றார் ஒருவர்.

"எடுக்க முடியாது!"

"ஏன் அண்ணே?"

"விழுந்துடுவேன்யா! இவ பெடலை இறுக்கிட்டா!" அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "அடிப்பாவி, நான் செஞ்சது சும்மா விளையாட்டுக்கு! ஒரு வீடியோவுக்காகத் திருகாணியை ரெண்டு சுத்து முறுக்கினேன், அதுக்குப் போய்..."

யாரும் சிரிக்கவில்லை. போட்டோவுக்காக உயர்த்திய போனோடு நின்ற அக்கா, "என்ன சொன்னீங்க?" என்றாள்.

அவர் மச்சினியைப் பார்த்து, "அம்மா, கழட்டி விடும்மா" என்றார்.

"திருப்புங்க அத்தான். குழந்தைகூடச் செய்யும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு வலது காலைத் திருகினார். யாருமே தொடாத பெடல் அது. கால் சட்டென்று விடுபட்ட வேகத்தில் கம்பத்தைப் பிடித்த கை நழுவியது. சைக்கிளோடு இடப்பக்கம் புல்தரையில் போய் விழுந்தார்.

அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத் தெரியாமல் ஒரு காலை ஆட்டிக்கொண்டு கிடந்தார். பார்லரின் முதல் நாற்காலி இதனால் திரும்பி வந்துவிடாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வயிறு குளிர்ந்தது.

"தூக்கி விடேன்டி!" என்று அத்தான் அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா அசையவில்லை. போனையும் கீழே இறக்கவில்லை.