‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிய பக்கம்

1

கிட்ட வந்து உட்காருங்கள். காது கொஞ்சம் மந்தமானவர்கள் முன்னால் வாருங்கள். மடியில் பிள்ளை தூங்குகிறவர்கள் நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். காணாமல் போன ஒரு ஆளை மூன்று பேர் கண்டுபிடித்த கதையைச் சொல்லப்போகிறேன். ஆள் கிடைத்துவிட்டான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

இது கதையாகப் பிறக்கவில்லை. அறிக்கையாகப் பிறந்தது. புங்கமேடு போலீஸ் ஸ்டேஷனை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிற மக்கள் பார்வைக் குழுவில் நானும் ஒருத்தி. லாக்கப்பைப் பார்க்க வேண்டும், பதிவேட்டைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். எழுதும் வேலை என்னுடையது. கதை எழுதுகிறவள் நாலு வரி எழுத மாட்டாளா என்று என் தலையில் கட்டினார்கள். அந்த நாலு வரியில் ஒன்றைத் தப்பாக எழுதினேன். அதைத் திருத்தப் போய்த்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

(புங்கமேட்டை வரைபடத்தில் தேடாதீர்கள். ஜமுனாமரத்தூர் போகிற பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் கேட்டால் சிரிப்பார். ஊருக்கும் குழுவுக்கும் நான் வைத்த பெயர்கள் அவை. ஆட்களுக்கும் அப்படித்தான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைமேல் மேகம் கவிந்த ஒரு காலையில், மீசையை முறுக்கியபடி அந்த எஸ்.ஐ.—

அடித்துவிட்டேன். அன்றைக்கு மேகம் இல்லை. எஸ்.ஐ.க்கு மீசையும் இல்லை. மழித்த முகம், சின்ன வயசு. நாங்கள் போகும்போதெல்லாம் எழுந்து நின்று நாற்காலி போடச் சொல்கிறவர். மீசை வைத்துவிட்டால் உங்களுக்கு அவரை உடனே பிடிக்காமல் போகும், எனக்கு வேலை மிச்சம். ஆனால் நாற்காலி போடச் சொன்னவர்தான் இனி நான் சொல்லப்போகிறதைச் செய்தார். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பத்து நாள் காகிதத்தைத் தொடவில்லை.

அடுத்தது:

ஸ்டேஷன் வாசலில் அபிநயா அழுதுகொண்டு—

இதுவும் பொய். அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

“நீங்கதானே ஸ்டேஷனப் பாக்க வர்றவங்க?”

“ஆமாம்மா. நீ யாரு?”

“சிங்காரம் பொண்டாட்டி. சனிக்கெழம கடைக்குப் போன ஆளு, இன்னும் வூட்டுக்கு வர்ல. ஜீப்புல ஏத்திக்கினு போனாங்கன்னு டீக்கடையில சொல்றாங்க. உள்ள கேட்டா, நாங்க யாரையும் கொண்டாரலன்றாங்க. ஜீப்பு இன்னா ஆகாசத்துக்கா போச்சு? நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

அன்று திங்கட்கிழமை. சிங்காரம் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்தில் ஆறு மாதம் வேலை செய்துவிட்டுப் புதுப் போனோடு ஊருக்கு வந்திருந்தான். அதே வாரத்தில் காட்டில் ஒரு சந்தன மரம் வெட்டுப்பட்டது. இரண்டையும் யாரோ சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் பயம் எங்கே இருக்கிறது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். பிடித்த ஆளின் பேரைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் ஒரு நாளைக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தியாக வேண்டும். எழுதாத வரைக்கும் அவன் எங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லாதவனை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எதை வேண்டுமானாலும் செய்தேன் என்று சொல்லவைக்கலாம். அபிநயாவுக்கு வேண்டியதெல்லாம் அவன் பேர் ஒரு நோட்டில் ஏறுவதுதான்.

3

எங்கள் குழுவில் மூன்று பேர். நசருல்லா பாய், வாணியம்பாடிக்காரர். மலையில் கடை போட்டுப் புளி வாங்கி அனுப்புகிறவர், எதையும் இரண்டு தரம் படிப்பவர். மங்கம்மாள், சாமை விதைக்கிறவள், எழுத்துத் தெரியாது, கட்டைவிரல் வைப்பாள். மூன்றாவது நான். மங்கம்மாளை எதற்குக் குழுவில் போட்டார்கள் என்று நானே ஒரு தரம் பாயிடம் கேட்டிருக்கிறேன்.

(இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். கதை சொல்கிறவளைப் பற்றியும் உங்களுக்குத் தெரிய வேண்டாமா?)

ஏட்டம்மா கல்பனா எங்களுக்கு டீ வரவழைத்தார். எஸ்.ஐ. காலையிலேயே மலைக்குக் கீழே கலசப்பாக்கத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு போலீஸ்காரர், உள்ளே ஒருவர். லாக்கப் திறந்து கிடந்தது, கூட்டிப் பெருக்கியிருந்தது. பாய் பதிவேட்டை இரண்டு தரம் படித்தார். கடைசியாக ஏறியிருந்தது வியாழக்கிழமை நடந்த ஒரு பைக் விபத்து.

“சிங்காரம்னு யாரையாவது கொண்டாந்தீங்களாம்மா?” என்றேன்.

“நோட்டுல இருக்கிறதுதாங்க,” என்றார் கல்பனா. என்னைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழுதினேன்: அபிநயா சொன்ன புகார் விசாரிக்கப்பட்டது. பதிவேட்டின்படி எவரும் காவலில் இல்லை. குறை ஏதுமில்லை.

கையெழுத்துப் போட்டேன். பாய் போட்டார். மைப்பெட்டியை மங்கம்மாள் பக்கம் தள்ளினேன். அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“இன்னாடி எழுதுன, மணி?”

படித்துக் காட்டினேன்.

“குறை இல்லன்னு நோட்டு சொல்லுதா, நீ சொல்றியா?”

“லாக்கப்ப பாத்தமே மங்கா.”

“கல்யாண வூட்டுக்குப் போனா பந்தலயா பாத்துனு வருவ நீ? இரு, வர்றேன்.”

எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். தண்ணீர் குடிக்கிறவர்கள் குடியுங்கள்.

எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, இலை பார்க்க என்று ஒரு ஆள் உண்டு. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், இன்னும் எவ்வளவு உலை வைக்கலாம் என்று சமையல்காரரையும் கேட்கமாட்டோம், வீட்டுக்காரரையும் கேட்கமாட்டோம். வீட்டுக்காரர் பெருமைக்குக் கூட்டிச் சொல்வார். இலை போடுகிற குழிக்குப் போய் எண்ணிவிட்டு வந்து சொல்வதுதான் அந்த ஆளின் வேலை. முப்பது வருஷமாக அந்த ஆள் மங்கம்மாள். எச்சில் இலையைப் பார்த்தே சின்னப் பிள்ளை தின்றதா, பல் போனவர் தின்றாரா, கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்தவரா என்று சொல்லிவிடுவாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால், சுவரோரம், எதிர் ஓட்டலிலிருந்து வரும் பார்சல் இலைகளைப் போடுகிற இடம் இருந்தது. பழைய இலைகள் காய்ந்து சருகாகிக் கிடந்தன. அன்று மத்தியானத்து இலைகள் மட்டும் பச்சையாக இருந்தன. மூன்று.

அந்த மூன்றாவது இலையை முதலில் பார்த்தது நான்தான்.

போன வரி இரண்டாம் வரைவில் எழுதியது. பொய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றிருந்தேன்.

“எஸ்.ஐ. கீழ போய்ட்டாரு. ஏட்டம்மா டப்பாவுல சோறு கொண்டாந்துக்கீது, மேசமேல பாத்தேன். மீதி ரெண்டு ஆளு,” என்றாள் மங்கம்மாள். “மூணாவதா துன்னது யாரு?”

“ரெண்டு பார்சல் துன்னுருப்பாங்க மங்கா. வயசுப் பசங்க.”

“இங்க வந்து பாரு, மூக்க விடு.”

இரண்டு இலைகள் வழித்துத் தின்று மடித்தவை. மூன்றாவதில் சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது. இலையின் தலைப்பக்கம், ஓரத்தில், தனியாக ஒரு பிடி சோறு. உருட்டி வைத்தது, பிறகு யார் கையும் படாதது.

கதிர் முற்றிச் சாமை அறுப்புக்கு நின்ற நேரம் அது. புதுச் சாமை பொங்கிச் சாமிக்கு வைக்கும் வரைக்கும், எங்கள் ஊர்க்காரர்கள் எந்தச் சோறு கிடைத்தாலும் முதல் பிடியை இலையின் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். காப்பித் தோட்டத்துக்குப் போனாலும் வைப்பார்கள். அந்தப் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் கீழ்நாட்டுக்காரர்கள், மலைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

மங்கம்மாள் அந்த இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சோறு சிந்தாமல் உள்ளே நடந்தாள்.

5

வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். “கெழவி எச்சில் எல பொறுக்கினு வந்துடுச்சு.”

“பொறுக்கத்தான்டா கவர்மெண்டு என்ன அனுப்சிக்கீது,” என்றாள் மங்கம்மாள். “உன் எல சுத்தமா கீது, உங்கம்மா நல்லா வளத்துக்கீறா. இது யாரு எல?”

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பாய் பதிவேட்டின்மேல் கையை வைத்தார். “தம்பி, நோட்டுல ஆள் இல்ல. எலையில இருக்கான். ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு நீயே சொல்லு.”

கல்பனா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வாயால கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றார். “எந்த ரூமப் பாக்கணும்னு எழுதி, மூணு பேரும் போட்டுக் குடுத்தா, நான் தொறந்தே ஆகணும். அது உங்க ரூல்லயே இருக்குது.”

சொல்லும்போது வழக்குப் பொருள்கள் வைக்கிற அறையின் கதவை ஒரு தரம் பார்த்தார். ஒரே தரம். அதை நான் பார்த்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

பேனாவை எடுத்தேன். என் வரிமேல் ஒரு கோடு இழுத்தேன், எழுத்து தெரியும்படி. அதன் கீழ் எழுதினேன்: மேலே உள்ளது என் தவறு. வழக்குப் பொருள் அறையைத் திறந்து காட்டக் கேட்கிறோம். நேரம் இரண்டு ஐம்பது.

இந்தத் தடவை மங்கம்மாள்தான் முதலில் விரல் வைத்தாள்.

(கல்பனா ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவர் தம்பியை ஒரு காலத்தில் இப்படிப் பிடித்துப்போனார்கள் என்று ஒரு காரணம். எஸ்.ஐ.யோடு பகை என்று இன்னொரு காரணம். இரண்டும் நான் நெய்தவை. பிறகு அவரையே கேட்டேன். “எழுதிக் குடுத்தீங்க, தொறந்தேன்,” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நானும் சேர்க்கவில்லை. எழுதிக் கொடுத்தால் திறக்கிற ஒருவர் அங்கே இருந்தார் என்பதே எனக்குப் போதும்.)

6

பிடித்துவைத்த இரண்டு பைக்குகளுக்கும் ஒரு ஹெல்மெட் குவியலுக்கும் நடுவில் சிங்காரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். ஒரு காலை ஊன்ற முடியவில்லை.

“அபிநயா வெளிய கீறாளா?” என்றுதான் முதலில் கேட்டான்.

“ரெண்டு நாளா நின்னுனு கீறா. அவ கத்துனது உனக்குக் கேக்கலியாடா?” என்றாள் மங்கம்மாள்.

“கேட்டுச்சு பெரிம்மா. நான் கொரல் குடுத்தா அவங்க வந்து—”

அதற்குமேல் அவன் சொன்னதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவன் வேண்டாம் என்றதால் எடுத்துவிட்டேன். அந்த இடம் இங்கே காலியாக இருக்கிறது. கால் வைக்காமல் தாண்டி வாருங்கள்.

கல்பனா பதிவேட்டில் அவன் பேரை எழுதினார். அப்பா பேர், ஊர், சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பிடித்தது, எல்லாம். அபிநயா உள்ளே வந்து, எழுதி முடிக்கும் வரைக்கும் புருஷனைப் பார்க்காமல் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் திரும்பி அவனைத் திட்டினாள்: “போன் இல்லாம இருந்தா செத்தா பூடுவ?” அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நாலு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். பக்கத்தைப் படித்தார். எங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தார், பழக்கம். மறுநாள் காலையில் சிங்காரத்தை நீதிபதி முன்னால் கொண்டுபோனார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டுத் தன் வண்டியில் பின்னாலேயே போனார். அவன் மரம் வெட்டியதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை என்று நீதிபதி விட்டுவிட்டார். சாயங்காலம் அதே வண்டியில் சிங்காரம் வீட்டுக்கு வந்தான்.

7

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு விசாரணை அதிகாரி வரப்போகிறார். அந்த இரண்டு நாளும் நடந்ததை சிங்காரம் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் எஸ்.ஐ. மேல் எதுவும் நடக்கும்.

முடிவு மூன்று எழுதிவைத்தேன். ஒன்றில் சிங்காரம் கையெழுத்துப் போடுகிறான், எஸ்.ஐ. பெட்டியோடு மலை இறங்குகிறார். இன்னொன்றில் போடவில்லை, அடுத்த மாதம் நாங்கள் போகும்போது அதே எஸ்.ஐ. எழுந்து நிற்கிறார். மூன்றாவதில் எஸ்.ஐ. தனியாகச் சாமைக் காட்டுக்கு நடந்துவந்து சிங்காரத்தின் முன்னால் நின்று— இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

போன வாரம் சிங்காரமே வந்தான். இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

“எக்கா, எங் கதைய எழுதறியாமே. கடைசில நான் கையெழுத்துப் போட்றனா?”

“நீ இன்னா நெனைக்கிற?”

“அவ போடுன்றா. எனக்கு பயமா கீது. மறுபடியும் அதே ரோட்டுலதானே நான் நடக்கணும்? நீ எழுதிட்டன்னா, அப்டியே செஞ்சிட்றேன். யோசிக்கற வேல மிச்சம்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நூறு நாள் வேலைக்காரர்கள் சாப்பிட உட்காருகிற நேரத்தில் இதை நான் படிப்பேன், அவனும் அங்கே இருப்பான் என்று அவனுக்குத் தெரியும். அவன் செய்யாத ஒன்றைச் செய்தான் என்று ஊர் முன்னால் நான் படித்தால், அது கதையாகவா இருக்கும்? அவனை அந்த அறையில் உட்காரவைத்து, ஒத்துக்கொள் என்றார்கள். நானும் ஒரு காகிதத்தைக் காட்டி ஒத்துக்கொள் என்றால்?

“எழுதல சிங்காரம்,” என்றேன். “அது உன்னோடது.”

மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். உங்களிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன், அதுவும் சரியில்லை. நீங்களும் அவனிடம் கேட்காதீர்கள். போட்டால் பக்கத்தில் நில்லுங்கள். போடாவிட்டாலும் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் செய்யவேண்டிய முடிவு அவ்வளவுதான்.

என் பங்குக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். என் தப்பு வரிக்குக் கீழே விரல் வைக்க மறுத்த மங்கம்மாளுக்கு. அவளைக் குழுவில் போட்ட, எனக்குப் பெயர்கூடத் தெரியாத அந்த அதிகாரிக்கு. கடை சாத்திய பாய்க்கு, கதவைத் திறந்த கல்பனாவுக்கு. இத்தனை நேரம் வெயிலில் உட்கார்ந்து, நான் அடித்ததையும் கிழித்ததையும் பொறுத்துக்கொண்டு கேட்ட உங்களுக்கு.

போய்ட்டு வாங்க, கண்ணுங்களா. உங்க வூட்டை விட்டு வெளிய போன ஒவ்வொருத்தரும், எங்கே கீறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்படியாவே இருக்கட்டும். அவங்களைத் தேடி நீங்க எந்த வாசல்ல போய் நின்னாலும், உள்ளேருந்து ஒருத்தர் எழுந்து வந்து பதில் சொல்லட்டும். உங்க குடும்பம் நல்லா இருக்கட்டும்.