எழுதியவரும் போட்டவரும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டதால் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த வாரம் என் கோபம் முழுவதும் ஒரு காலிக் கட்டத்தின் மேல் போனது.

பள்ளிகளுக்குப் பாடவேளை அட்டவணை போட்டுத்தரும் மென்பொருள் ஒன்றைப் பதினெட்டு வருடமாகக் கட்டி மேய்க்கிறேன். எந்த ஆசிரியர் எந்த மணிக்கு எந்த வகுப்பில் நிற்க வேண்டும் என்பதை, ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் மாட்டிக்கொள்ளாதபடி அது போட்டுக்கொடுக்கும். இலவசம்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பது ஒரு பதிவேட்டில் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பதிவேடு சப்வெர்ஷன் என்ற பழைய காலத்து முறையில் கிடந்தது. ஊர் உலகமெல்லாம் கிட் (Git) என்ற புது முறைக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகியும் நாங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தாடி பொறுமை இழந்து, விடுப்புப் போட்டுவிட்டு இடமாற்ற வேலையில் இறங்கினார். தாடி எங்கள் கூட்டாளி, வேறு ஊர்க்காரர். வீடியோவில் வந்தால் மூக்குக்குக் கீழே இருப்பது மட்டும்தான் தெரியும்.

பழைய பதிவேட்டில் ஒரு மாற்றத்துக்கு ஒரே பெயர்தான். உள்ளே போட்டவர் யாரோ, அவர் பெயர். கிட்டில் இரண்டு கட்டங்கள்: எழுதியவர் ஒன்று, போட்டவர் ஒன்று.

தாடி பழைய மாற்றங்களின் நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பிவிட்டு போனில் வந்தார். "எல்லாத்துலயும் போட்டவர் நீங்கதான் சார். எழுதியவர் கட்டம் காலியா இருக்கு, அதை நிரப்பிக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் புதுப் பிரதி எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் பழைய பதிவுல கை வெச்சா எல்லார் பிரதியும் குளறுபடி ஆயிடும்."

"எழுதினதும் நான்தான்னு போட்டுட்டுப் போங்களேன்! இதுக்கெல்லாம் ஒரு போனா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அப்படியா சார்?" என்றார் தாடி.

அப்படி இல்லை. அந்த நாளில் உள்ளே போடும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. என் தங்கை எழுதி மின்னஞ்சலில் அனுப்புவாள். நான் படித்துப் பார்த்து, அங்கே வெட்டி இங்கே ஒட்டி, என் கணக்கிலிருந்து உள்ளே போடுவேன். அவளுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே நாலு வருடம் ஓட்டினேன். "ஆசிரியர் மோதலைத் தீர்க்கிற பகுதி பிரமாதம்" என்று ஒரு கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் அடக்க ஒடுக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளும் அந்தப் பகுதி முழுக்க அவள் மூளை.

பதினோரு வருடமாக அவள் எதுவும் எழுதுவதில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது வேலை தேடுகிறாள். ஒரு நிறுவனம் திங்கட்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவரை எழுதியதை எங்கே பார்க்கலாம் என்று இணைப்புக் கேட்டிருந்தார்கள். "காட்டுறதுக்கு என் பேர்ல ஒண்ணுமே இல்லியே" என்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை கிளம்பிப் போனதும், "வாயில பூட்டா போட்டிருந்தது?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மூன்று நாள் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். நூற்று நாற்பத்திரண்டு மாற்றங்கள். ஒவ்வொன்றிலும் எழுதியவர் கட்டத்தில் தங்கையின் பெயரைப் போட்டேன். அவை போக, அவள் எழுதிய இன்னும் ஒன்றே ஒன்றை மட்டும் என் பெயரிலேயே விட்டுவைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளை வரச் சொன்னேன். ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. விடுமுறை என்பதால் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். அவள் ஒன்றை இறக்கிப் போட்டு, உட்கார்ந்து, பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். பாதி வழியில் மூக்கை உறிஞ்சினாள். நான் ஜன்னலைச் சாத்தப் போவதுபோல் எழுந்து போனேன்.

"ஒண்ணு குறையுது" என்றாள்.

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் மோதல் தீர்க்கும் பகுதியை முழுதாகத் திருப்பி எழுதி அனுப்பினாளே, அது. உள்ளே போட்ட மறுவாரம் பள்ளிகள் திறந்தன. இருபத்தாறு பள்ளிகளில் கடைசிப் பாடவேளைக்கு ஆசிரியர்கள் இல்லாமல் வகுப்புகள் அனாதையாகக் கிடந்தன. தலைமையாசிரியர்கள் கிழி கிழியென்று கிழித்தார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் போகும் பொது மடலில் நான் "என் தவறு" என்று எழுதினேன். எவ்வளவு பெரிய மனசு என்று நாலு பேர் பாராட்டினார்கள்.

"அதை விடு. திங்கட்கிழமை எவனாவது அதைக் கிளறினா உனக்குத்தானே அசிங்கம்? அந்தப் பழி என் தலையிலயே இருந்துட்டுப் போகட்டும்."

"யாரு கேட்டா உன்னை?" அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "ரெண்டு மாசம்ண்ணா. சின்னவனை மடியில போட்டுக்கிட்டு ஒத்தக் கையால அடிச்சேன். நான் எழுதினதுலயே உருப்படி அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் சில்லறை. அதை உடைச்சது நான்னா உடைச்சவள்னே இருக்கட்டும். குடு."

"உன் நல்லதுக்குத்தானேம்மா..."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். குடுன்னா குடு."

சரி, இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவள் அன்று அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். மற்றவற்றிலும் எழுதியவர் அவள்தான் என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெயரை மாற்றியிருந்தேன். இடது பக்கம் அவள் அனுப்பியது, வலது பக்கம் நான் உள்ளே போட்டது. இதில் மட்டும் நான் எதையும் தொட்டதாக ஞாபகம் இல்லை, இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நடுவில் நான்கு வரிகள் சிவப்பாக நின்றன. இடது பக்கம் இருந்தன, வலது பக்கம் இல்லை.

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. ஓர் ஆசிரியரை ஒரு வகுப்பிலிருந்து எடுப்பதற்கு முன்னால், அங்கே நிற்க வேறு ஆள் கிடைத்தாயிற்றா என்று அந்த நான்கு வரிகள் கடைசியாக ஒரு முறை பார்க்கும். மேலே ஏற்கெனவே பார்த்தாயிற்றே, இன்னொரு தடவை எதற்கு என்று, வெட்டி ஒட்டும் பழக்கத்தில் எடுத்துவிட்டிருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளும் பார்த்துவிட்டாள். "ஓட்டிப் பாரு" என்றாள். குரல் அடங்கிப்போயிருந்தது.

அன்று புகார் அனுப்பிய பள்ளி ஒன்றின் ஆசிரியர், வகுப்புப் பட்டியல் அதே மின்னஞ்சல்களுக்கு நடுவில் இருந்தது. நான் போட்டதை ஓட்டினேன்: ஏழு வகுப்புகள் காலி. அவள் அனுப்பியதை அப்படியே ஓட்டினேன்: ஒன்றுகூட இல்லை. நம்ப முடியாமல் மறுபடி ஓட்டினேன். ஒன்றுகூட இல்லை.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பொது மடல்ல என் தப்புன்னு எழுதிட்டு, எனக்குத் தனியா ஒண்ணு எழுதினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"'உன்னால என் மானமே போச்சு, இனிமே இதுல கை வைக்காதே'ன்னு எழுதினே. நான் வைக்கலை." திரையைப் பார்த்தபடியே பேசினாள். "எங்க தப்புப் பண்ணினேன்னு எத்தனை நாள் தேடியிருப்பேன் தெரியுமா? கண்டுபிடிக்கவே முடியலை. தப்பைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியலியே, நமக்கு இது வராதுன்னு மூட்டை கட்டி வெச்சுட்டேன். பதினோரு வருஷம்ண்ணா."

நான் அழுதேன். ஐம்பத்து மூன்று வயது ஆள், கவிழ்த்த நாற்காலிகளுக்கு நடுவில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

"மன்னிக்கறதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப டைப் பண்ணு. நான் அனுப்பினதை அனுப்பினபடி என் பேர்ல போடு. நீ வெட்டினதைத் தனியா, அடுத்த மாற்றமா உன் பேர்ல போடு. ரெண்டுக்கும் அன்னிக்கித் தேதி."

போட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். கை பழக்கத்தில் "சிறு சீரமைப்பு" என்று அடித்தது. அவள் தொண்டையைக் கனைத்தாள். அழித்துவிட்டு எழுதினேன்: 'முந்தைய மாற்றத்தில் இருந்த நான்கு வரிகளைப் புரிந்துகொள்ளாமலும் எழுதியவரைக் கேட்காமலும் நீக்கினேன். பள்ளி திறந்த வாரத்தில் வகுப்புகள் காலியானது இதனால்தான். முந்தைய மாற்றத்தில் பிழை இல்லை.'

"இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இருபத்தாறு பள்ளிக்கும் நானே எழுதறேன். இன்னிக்கே."

தாடிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் புதிய வரலாறு திரையில் வந்தது. அவளுடைய பெயர் வரிசை வரிசையாக, நூற்று நாற்பத்து மூன்று தடவை. திங்கட்கிழமைக்கான இணைப்பை அவளே நகல் எடுத்துத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். கிளம்புவாள் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. தன் கடைசி மாற்றத்திலிருந்து இன்றைய தேதியை நோக்கி மௌஸை உருட்ட ஆரம்பித்தாள். என் பெயர், தாடியின் பெயர், மறுபடி என் பெயர். ஒரு வருடம் போனது, இன்னொரு வருடம் போனது.

"இங்கெல்லாம் நான் இருந்திருப்பேன்" என்றாள்.

நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உருட்டுவதையும் நிறுத்தவில்லை.