புஷ்பராணியின் இருமல்

அக்டோபர் மாதம் முழுக்க மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரி அதைத் தூக்கிக்கொண்டு போய், அடுத்த வீட்டுக்காரியின் கையில் கொடுக்க வேண்டும். பிறகு அங்கே ஜெபமாலை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த வழக்கம் இது. தோட்டம் மூடப்பட்டு, ஈப்போவில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. புறப்பட்ட மாதாவைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பதும் வந்துவிட்டது.

புஷ்பராணி வீடு பன்னிரண்டாம் எண். பதினான்கில் கனகராஜ் குடும்பம். பதினாறில் ஆறு மாதத்துக்கு முன் குடிவந்தவள் புஷ்பராணியின் தங்கை விமலா. லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து கணவர் ஓய்வு பெற்றதும், ஊரெல்லாம் வீடு இருக்க, இந்த வரிசையில்தான் வாடகைக்குப் பிடித்தாள். அக்காவுக்காகத்தான் வந்தாள் என்று தாமானுக்கே தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனால் அவள் கதவைத் திறக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் புஷ்பராணி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விமலா ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டு விட்டுவிட்டாள். மூன்றே வாரத்தில் அம்மா போய்விட்டாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் விமலா கையை நீட்டியபோது, "தொடாத! நீ அம்மாவத் தொடாத!" என்று புஷ்பராணி கத்தினாள். விமலா தொடாமலே போனாள்.

அன்றிலிருந்து புஷ்பராணிக்கு ஒரு விசித்திரமான நோய். பரலோக மந்திரத்தில் பிறரை மன்னிக்கிற வரி வந்தால் இருமல் வரும். வரி முடிந்ததும் நின்றுவிடும். ஒரு ஜெபமாலைக்கு ஆறு தரம். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் காத்திருக்கக் கூட்டமே பழகிவிட்டது. ஜெபக் குழுத் தலைவர் ஜெயபாலன் ஒன்றும் கேட்டதில்லை, அவருக்கு உயிர்மேல் ஆசை உண்டு. இந்த வருடப் பட்டியலைக்கூட, நடுவில் பதினான்காம் வீட்டைக் கட்டிய மேஸ்திரிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேதான் எழுதினார்.

அன்று சாயங்காலம் புஷ்பராணி சொரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் இருபது பேர் பாடிக்கொண்டு வந்தார்கள். பதினான்காம் வீட்டு கேட்டில் பூட்டுத் தொங்கியது.

"என்னண்ணே, ஆளக் காணோம்?"

ஜெயபாலன் போனைக் காதிலிருந்து எடுத்தார். "காம்பார்ல மகளப் பாக்கப் போனவங்க ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டாங்களாம்லா. வர ரொம்ப நேரமாவுமாம்."

பாட்டு நின்றுபோனது. மழை தூறத் தொடங்கியது. திரும்பிப் போகவும் முடியாது, மாதாவை ரோட்டில் வைக்கவும் முடியாது. அடுத்து இருப்பது ஒரே வீடு. எல்லோரும் புஷ்பராணியைப் பார்க்காதது மாதிரி பார்த்தார்கள்.

அவள் பதினாறாம் வீட்டு வாசலுக்கு நடந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டு விமலா ஏற்கெனவே கேட்டுக்கு வந்திருந்தாள். கையெல்லாம் மீன் மசாலா.

"எங்க வீடு நாளைக்குத்தானேக்கா?" என்றாள். கையைக் கைலியில் அவசரமாகத் துடைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடலாமாக்கா?"

புஷ்பராணிக்குச் சவப்பெட்டி நினைவுக்கு வந்தது. விமலா செய்தது தப்புதான். ஆனால் பெற்றவளைக் கடைசியாக ஒரு தரம் தொடவிடாமல் தடுத்த தன்னை என்னவென்று சொல்வது? ஏழு வருடமாக இந்தக் கை இப்படியேதான் நின்றிருக்கிறது.

"கைய நீட்டுடி. எவ்ளோ நேரம் தூக்கிட்டு நிக்கிறது?"

விமலா நீட்டினாள். சொரூபத்தோடு அக்காவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுகையில் அவளுக்கு வாய் கோணிக்கொண்டது. புஷ்பராணியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அடுப்புல மீன் தீயுதுடி. நீ மாதாவ வை, நான் பாத்துக்கிறேன்" என்றவள், யாரும் கூப்பிடாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

தீய்ந்த மீன் வாசனையோடுதான் அன்றைக்கு ஜெபமாலை. முதல் பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தது. பழக்கத்தில் எல்லோரும் இருமலுக்காக நிறுத்தினார்கள். புஷ்பராணி நிறுத்தவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டபடி, அந்த வரியை அவள் ஒருத்தியாகவே முழுசாகச் சொல்லி முடித்தாள்.