அது மேலே இருக்கும்வரை

தொழிலில் அவனுக்கு உடும்பு என்று பெயர். புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், எதுவானாலும் ஏறிவிடுவான். பிடித்தால் விடமாட்டான். ஆனால் வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பெயர் தவறான ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று. பிடித்த பிடியை விடாதவள் அவன் மனைவி.

அன்று காலை தொழிற்சாலை முற்றத்தில் அவள் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். பட்டையில் ட்ரோனின் ரிமோட் தொங்கியது. அதன் தலையில் கிளிப் போட்டு மகளின் டேப்லெட்டைப் பொருத்தியிருந்தாள். டேப்லெட்டின் உறை ரோஜா நிறம், மேலே இரண்டு முயல் காதுகள் வேறு. வெயில் கண்ணாடியில் அடிக்கக் கூடாதென்று செருப்பு டப்பாவை வெட்டிச் சுற்றிலும் ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்த மேனேஜர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறவர் சிரிக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுக்கு அன்று வேறு கவலை.

விற்பனைக்கு வரும் வீடுகளை வானத்திலிருந்து படம் எடுத்துத் தரகர்களுக்குக் கொடுப்பது அவள் வேலை. போன வாரம் அந்தப் பக்கம் ஒரு வீட்டை எடுக்கப் போனவள், கணவன் ஏறப்போகும் புகைபோக்கியையும் தெருவிலிருந்தே ஒரு சுற்றுப் பார்த்தாள். உச்சிக்குப் பக்கத்தில், இரும்பு ஏணியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கவ்விகளில் ஏதோ கோளாறு இருப்பதுபோலத் தெரிந்தது. அவனிடம் போனில் காட்டினாள். "கறை" என்றான். பெரிதாக்கிக் காட்டினாள். படம் கலங்கிப்போனது. "உள்ளங்கை அளவு போன்ல ஈ உட்கார்ந்தாலும் ஓட்டைன்னு சொல்லுவ நீ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். அவளாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

அதனால்தான் இந்தப் பெரிய திரை. படம் எடுத்து அப்புறம் காட்டலாம் என்றால், 'அப்புறம்' வருவதற்குள் அவன் உச்சியில் இருப்பான். அவன் ஏறுவதற்கு முன்னால், அவன் கண் முன்னால், கிட்டத்தில் போய்க் காட்ட வேண்டும். ஒரு வாரம் நச்சரித்து அதற்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். "ஒரு தடவை பறக்க விடு. ஒண்ணும் இல்லன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்" என்றிருந்தான்.

ட்ரோன் எழும்பியது. அவன் இடுப்புப் பட்டையும் கயிறுமாக அவள் தோளருகே நின்று திரையைப் பார்த்தான். ஏணியின் அடியிலிருந்து ஒவ்வொரு கவ்வியாக வந்தது. டேப்லெட்டில் ஆணியின் தலைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"சரியா இருக்கு" என்றான். அடுத்ததற்கும் "சரி" என்றான். பாதி உயரம் தாண்டியதும் அவன் குரலில் கொஞ்சம் கேலிகூட எட்டிப்பார்த்தது. "மேடம், திருப்தியா?"

அவள் ரிமோட்டின் குச்சியை மேலே தள்ளினாள். உச்சி நெருங்கியது. அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது. இருட்டிலிருந்து ஒரு கரடி எழுந்து வந்து கொட்டாவி விட்டது.

'இன்றைய நேரம் முடிந்தது! அம்மா அப்பாவிடம் கேளுங்கள்.'

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இவர்கள் எழுந்திருப்பதற்கு முன்பே மகள் எழுந்து, போர்வைக்குள் படுத்தபடி ஒரு நாளைக்கான நேரத்தில் பெரும்பகுதியைக் கார்ட்டூனிலேயே தீர்த்திருக்கிறாள்; மிச்சம் இப்போது தீர்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் என்று டேப்லெட்டுக்கு அந்தப் பூட்டைப் போட்டவன் அவன். திறக்கும் எண்ணும் அவனிடம்தான். எதிலும் பிடியை விடாதவள், மகள் உதட்டைப் பிதுக்கினால் மட்டும் வெண்ணெயாக உருகிவிடுவாள் என்பதால், அந்த எண்ணை அவளிடம்கூட அவன் சொல்லவில்லை.

"நம்பரைச் சொல்லுங்க."

"சொன்னா இன்னைக்கே பாப்பாகிட்ட சொல்லிடுவ."

"விளையாடாதீங்க. சொல்லுங்க."

அவன் கயிற்றைத் தோளில் சரிசெய்தான். "விடு. அதான் பாத்தாச்சே. கீழ இருந்து அவ்வளவு தூரம் நல்லாத்தான இருந்துச்சு? எறக்கு, நான் ஏறணும்."

மேனேஜரும் சேர்ந்துகொண்டார். உச்சியில் இடிதாங்கியை மாற்றுவதற்காகவே உலையை அணைத்து வைத்திருந்தார்கள். "சாயங்காலம் மறுபடி மூட்டணும்மா. வேலை கெடுது. அந்த விளையாட்டுச் சாமானை எறக்குங்க, அவர் ஏறட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ட்ரோன் ஏணி உச்சிக்குப் பக்கத்தில் புள்ளியாக நின்றது. திரை போனாலும் ரிமோட் அவள் கையில் உயிரோடுதான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"சார், காலையில கேட்ல ஒரு விதி படிச்சுக் காட்டினீங்களே. இது பறக்கும்போது யாரும் ஏணியில கால் வைக்கக் கூடாதுன்னு."

"ஆமா, அதுக்கென்ன?"

"அதான். நான் எறக்க மாட்டேன்."

மேனேஜர் உடும்பைப் பார்த்தார். உடும்பு தரையைப் பார்த்தான். சுவர் ஓரமாக நின்றிருந்த உலைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தார்கள்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்குற" என்றான் அடிக்குரலில்.

"ஆமா, வாங்குறேன். வீட்டுக்கு வந்து சண்டை போடுங்க. வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான்."

"பேட்டரி தீந்தா தானா எறங்கிடும். அப்ப என்ன பண்ணுவ?"

"அடுத்த பேட்டரி போட்டு ஏத்துவேன். பையில இன்னும் இருக்கு."

பையில் இருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. அதையும் இரவு சார்ஜில் போட மறந்திருந்தாள். முகத்தில் மட்டும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

ரிமோட் பீப் அடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ட்ரோன் தானாகத் திரும்பிவிடும். அவள் கழுத்தில் வியர்வை ஓடியது. கெஞ்சினால் மசிய மாட்டான், கோபப்பட்டால் முறைத்துக்கொண்டு ஏறியே விடுவான் என்று அவளுக்குத் தெரியும். மனதில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"உங்களுக்குப் பயம். ஏறறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு. பாத்துட்டா, உடும்பு ஏறாம திரும்பிப் போனான்னு நாலு பேர் சொல்லுவாங்களேன்னு பயம்."

அவன் முகம் சுண்டிப்போனது. ஒரு கையால் திரையை அவளுக்கு மறைத்துக்கொண்டு மறு கையால் எண்ணைத் தட்டினான். அந்த நேரத்திலும் மறைத்தான். அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது.

கரடி போனது. புகைபோக்கி வந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ட்ரோனை இன்னும் நெருக்கினாள். கவ்வி திரை முழுவதும் நிறைந்தது. கறையும் இல்லை, நிழலும் இல்லை. ஆணி செங்கலை விட்டு வெளியே வந்திருந்தது. கவ்விக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேலே இருந்ததும் அப்படியே. உச்சிக் கவ்வியில் ஆணியே இல்லை, ஓட்டை மட்டும்தான். காற்று வீசியபோது ஏணியின் தலை சுவரிலிருந்து மெல்ல விலகி, மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது.

அவன் 'சரி' என்று சொல்லவில்லை.

மேனேஜர் எட்டிப்பார்த்தார். "கீழ் பாதி கெட்டியாத்தானே இருக்கு? கொஞ்சம் பாத்து ஏறினா..."

உடும்பு இடுப்புப் பட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினான். "நீங்க ஏறுங்க சார். பாத்து."

அவர் அதை வாங்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் பேச அறைப்பக்கம் போனார். உலைக்காரர்களில் ஒருவர் மட்டும், "பொழைச்ச போ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெறும் ஓட்டையின் மேல் விரலை வைத்தான்.

"போன தடவை பெயிண்ட் அடிக்க ஏறினப்ப, கயித்தை இங்கதான் மாட்டினேன். இதுல சாஞ்சுகிட்டுத்தான் உனக்குப் போன் பண்ணினேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. நம்ம மொட்டை மாடி தெரியுது, நீ காயப்போட்ட சிவப்புப் போர்வைகூடத் தெரியுது என்று அன்று சின்னப் பிள்ளைபோலச் சொன்னான். அவளுக்கும் வீட்டில் வேலை ஓடவில்லை. எறங்கணும் என்று அவன் சொன்னபோது, 'என்ன அவசரம், இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க' என்று பிடித்து வைத்தது அவள்தான். அவன் அந்த ஓட்டையில் தொங்கிக்கொண்டு பேசினான். அவள் காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு நேரம் கல்லாக நின்றவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. பீப் சத்தம் வேகமானது.

"பேட்டரி போகுது. எறக்கு" என்றான்.

"கண்ணு தெரியல" என்றாள். கண்ணீர் வழிந்து ரிமோட்டின் மேல் சொட்டியது, துடைக்க ஒரு கை இல்லை.

அவன் அவளை ஒட்டி நின்று செருப்பு டப்பா அட்டைக்குள் தலையை நுழைத்தான்.

"நான் பாக்கறேன். நீ கையை மட்டும் அசை. கொஞ்சம் பின்னாடி. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப கீழ. மெதுவா, அவசரம் இல்ல."

ட்ரோன் தரையைத் தொடும்வரை அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.